உச்சிப்புளியில் எதிர்வண்டி

என் எதிர்வண்டித் தங்கச்சி செசிலிக்கு,

இன்று காலை உச்சிப்புளியில் நம் இரண்டு வண்டிகளும் நின்றன. அங்கே என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேராக விஷயத்துக்கு வர மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அக்கா, சிக்னல் விழுந்துரும், சுருக்கச் சொல்லுங்க" என்று இத்தனை வருஷமாக என் வாயை அடைத்தவள் நீ. இப்போது உனக்குப் பிடிக்க வேண்டிய வண்டி ஒன்றுமில்லை. இருந்து கேள்.

இதை வேறு நாலு பேரும் படிப்பார்கள். அவர்களுக்காக, நமக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் இருப்பது ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று எந்த ஸ்டேஷனிலாவது ஒதுங்கி நின்று மற்றதற்கு வழி விட வேண்டும். காலைப் பாசஞ்சர்கள் இரண்டும் அப்படிச் சந்தித்தது உச்சிப்புளியில். நான் சத்திரக்குடியில் ஏறி ராமேஸ்வரத்துக்கு, அரசு அலுவலகத்தில் டைப் அடிக்கப் போகிறவள். நீ பாம்பனில் மீன்கூடையோடு ஏறி ராமநாதபுரம் மார்க்கெட்டுக்குப் போகிறவள். என் வண்டி கிழக்கே, உன் வண்டி மேற்கே. நமக்குள் பழக்கம் என்று ஒன்று வர நியாயமே இல்லை.

வந்தது உன் மீன் தண்ணீரால். மறந்திருக்க மாட்டாய். மீட்டர் கேஜ் காலம். இரண்டு தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் வெறும் சரளைக்கல். வண்டிகள் நின்றால் வாசலுக்கு வாசல் கை எட்டும். நான் காற்றுக்காக வாசலில் நின்றேன். நீ கூடையைச் சாய்த்து வடிந்த தண்ணீரை வெளியே கொட்டினாய். அது முழுவதும் என் சேலையில் விழுந்தது. அன்றுதான் புதுச் சேலை.

"ஏத்தா, கண்ணு தெரியலையா?" என்றேன்.

"தெரிஞ்சுச்சுக்கா. அதான் பாதியில நிறுத்திட்டேன்" என்றாய்.

எனக்கு வந்த கோபத்துக்கு, நடுவில் கல் இல்லாமல் தரை இருந்திருந்தால் இறங்கி வந்து சண்டை போட்டிருப்பேன். அன்று முழுக்க அலுவலகத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மறுநாள் காலை உன் வாசலைப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாகத் திரும்பி நின்றேன். முதுகில் ஏதோ சுடச்சுடப் பட்டது. திரும்பினால் வாழையிலைப் பொட்டலத்தோடு உன் கை நீண்டிருந்தது. வறுத்த பாறை மீன். "சேலைக்குப் பதிலா" என்றாய். வாங்கிக்கொண்டேன். என்ன செய்ய, நல்ல மணம்.

அதற்கப்புறம் தினமும் வாசல்தான். ஸ்டேஷன் மாஸ்டர் பெரிய வளையத்தில் கோத்த டோக்கனை டிரைவர் கையில் கொடுக்கிற வரைக்கும் வண்டி நகராது. அந்த வளையம் கை மாறுகிற நேரம்தான் நம்முடைய நேரம். நான் எங்கள் காட்டுக் குண்டு மிளகாயும் மொச்சைக் குழம்பும் நீட்டுவேன், நீ கணவாயும் நண்டும் நீட்டுவாய். என் மாமியார் செத்ததையும் உன் அமலி பிறந்ததையும் அந்த வாசலில்தான் சொல்லிக்கொண்டோம். பாம்பன் கடல் பாலத்தில் காற்று ஏறி உன் வண்டி பாம்பனிலேயே நின்றுவிடுகிற நாட்களில் உச்சிப்புளி வந்தும் எதிர்த் தண்டவாளம் காலியாகக் கிடக்கும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. மிளகாய் வீணாகிறதே என்ற கவலை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாயா செசிலி? நாம் இரண்டு பேரும் ஒரு நாள்கூட ஒரே தரையில் நின்றதில்லை. நீ உன் வண்டியில், நான் என் வண்டியில். உங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு நீ கூப்பிட்டாய். எங்கள் ஊர் முளைப்பாரிக்கு நான் கூப்பிட்டேன். போனோமா? காலையில் வண்டி, சாயங்காலம் வண்டி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணி. உன் உயரம் என்ன என்றே எனக்குத் தெரியாது. வாசற்படியில் நிற்கிறவள் எல்லாம் உயரம்தான்.

அந்தப் பெரிய கூத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது இல்லாவிட்டால் இன்று காலை நடந்ததற்கு அர்த்தமே இல்லை.

அது ஐப்பசிக் காற்று. "அவுக கடலுக்குப் போயி இன்னும் திரும்பலக்கா, காத்து வேற ஏறுது" என்று முதல் நாள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாளிலிருந்து பாலத்தில் வண்டி விடவில்லை. நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். உன் வீட்டுக்காரர் சந்தியாகு கரை சேர்ந்தாரா இல்லையா என்று கேட்க எனக்கு ஆள் கிடையாது. காற்று அடங்கி உன் வண்டி வந்த அன்று உச்சிப்புளியில் கழுத்தை நீட்டிப் பார்க்கிறேன், உன் வாசலில் நீ இல்லை. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வந்த கூட்டம் மூட்டையோடு வாசலை அடைத்து நிற்கிறது.

இனி அவள் வெள்ளைச் சேலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். கைப்பையைச் சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்கி, சரளைக்கல்லைத் தாண்டி, உன் பெட்டியின் பின்வாசலில் ஏறி, கூட்டத்தை இடித்துக்கொண்டு உன்னைத் தேடினேன். நீ அதே நேரம் முன்வாசல் வழியாகக் குதித்து, என் பெட்டியில் ஏறி என்னைத் தேடிக்கொண்டிருந்தாய். வளையம் கை மாறியது. ஊதல் கேட்டது. இரண்டு வண்டியும் கிளம்பிவிட்டன.

ஜன்னல் வழியாக என் வண்டி நழுவிப் போவதைப் பார்க்கிறேன். அதன் வாசலில் நீ! வாயை அகலத் திறந்து ஏதோ கத்துகிறாய்.

உன் பக்கத்துக் கூடைக்காரி லூர்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏக்கா, சந்தியாகு அண்ணன் திருப்பாலைக்குடியில கரை ஏறி நேத்தே வீட்டுக்கு வந்துட்டாக. அதைச் சொல்லத்தான் அவ ஒங்க வண்டிக்கு ஓடுனா. நீங்க இங்கன என்ன பண்றீக?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று லூர்தம்மாவைத்தான் கேட்க வேண்டும். அவள் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. "அழுகைய அப்புறம் வச்சுக்கங்க. கூடை கெடக்கு, மீனு வெயில் தாங்காது, எறங்குனதும் தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன். அரசு அலுவலகத் தட்டச்சர் நாகவள்ளி, மீன் தண்ணீர் தோளில் வடிய, ராமநாதபுரம் மார்க்கெட்டில் உன் இடத்தில் உட்கார்ந்தேன். எது விலை கூடிய பாறை, எது மலிவான நகரை என்று சாப்பிடும்போதுதான் எனக்குத் தெரியும். முழு மீனாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. கேட்டவர்களுக்குக் கேட்ட விலை. உன் இடத்தில் அவ்வளவு கூட்டம் அன்றைக்கு மாதிரி என்றைக்கும் கூடியதில்லை என்று லூர்தம்மா சொன்னாள். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் வந்து நின்று, என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கணவாய் வாங்கிக்கொண்டு போனான். ஊரில் என்ன சொன்னானோ, ஒரு வாரம் என் வீட்டுக்காரர் என்னை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ மட்டும் என்ன குறைச்சலா? என் கைப்பையில் அலமாரிச் சாவி இருக்கிறது, சாவி போகாவிட்டால் மிஷின் வெளியே வராது என்று நான் எப்போதோ புலம்பியது உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நேரே என் அலுவலகத்துக்குப் போய் சூப்பிரண்டு மேஜை முன்னால் நின்றாய்.

"யாரும்மா நீ?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"டைப் அடிக்கிறவுக தங்கச்சி. அக்கா என் மீனை விக்கப் போயிருக்கு. நாளைக்கு வரும். இந்தாங்க சாவி."

அந்த மனுஷன் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் உச்சிப்புளி வாசலில் நீ என்னைப் பிடித்த பிடி! "பாறையப் போயி நகரை வெலைக்குக் குடுத்திட்டு வந்திருக்கீகளேக்கா! டைப்பு அடிக்கிற கையா இது?" கைப்பையோடு போன என் டிபன் பாக்ஸில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் பேசிய பேச்சு இது. ரெண்டு பெட்டி ஜனமும் கேட்டுச் சிரித்தது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டோம்: என்ன நடந்தாலும் சரி, ஒருத்தி வண்டியில் இன்னொருத்தி ஏறக்கூடாது.

பிறகு அகலப் பாதை போடுகிறோம் என்று வண்டியை நிறுத்தினார்கள். அது நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் கூடை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர்கள் அடம் பிடித்தார்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சின்ன வேன் பிடித்தீர்கள். நான் ராமநாதபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு பஸ். ரோட்டில் ஒதுங்கி நின்று வழி விடுகிற கிராசிங் கிடையாது. உன் வேன் எந்த இடத்தில் என் பஸ்ஸைத் தாண்டிப் போயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கடைசி மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலையில் வாசலில் நின்று நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. அமலி பிளஸ் டூ முடித்திருந்தாள். ராமநாதபுரத்தில் நர்சிங் சேர்க்க வேண்டும், அவள் தலையில் கூடை ஏறக்கூடாது. அது ஒன்றுதான் உன் குறி. சந்தியாகு பஸ்ஸில் அனுப்ப ஒப்பவில்லை. பஸ்ஸில் யார் எவர் என்று தெரியாது, ரயில் என்றால் பெட்டி முழுக்க நம் ஊர்ப் பொம்பளைகள் இருப்பார்கள் என்றார். "ரயில் வரட்டும்னு சொல்லிட்டாகக்கா. வரட்டும். புது வண்டி வந்ததும் இதே வாசல்ல அமலிய நிப்பாட்டுவேன், நீங்க பாத்துக்கங்க" என்றாய். டோக்கன் வாங்கியாகிவிட்டது, வண்டி நகர்ந்தது. சரி என்று தலையை ஆட்டினேன். உன் வீட்டுப் போன் நம்பரை வாங்கத் தோன்றவில்லை. தினமும் பார்க்கிறவர்களுக்கு நம்பர் எதற்கு?

புது வண்டி வந்தது. படி உயரம், பெட்டி அகலம், வேகமும் அதிகம். முதல் நாள் என் பெட்டியில் இருந்த பழைய ஆட்கள் எல்லோரும் உச்சிப்புளியில் பழக்கதோஷத்தில் வலது பக்க வாசலுக்குப் போய் நின்றோம். அங்கே வெறும் உடைமரம். எதிர்வண்டி எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. பாதையை மாற்றி, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு பிளாட்பாரத்தைத் தூக்கி வைத்துவிட்டார்கள். வாசலுக்கு வாசல் கை எட்டாது. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அந்தப் பிளாட்பாரத்தைப் போட்டவனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

இடம் மாறியதால்தான் உன்னைக் காணோம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாசலாக மாறி மாறி நின்றேன். ஒரு வாரம் கழித்து எதிர்ப் பெட்டி வாசலில் லூர்தம்மாவின் தலை தெரிந்தது. "செசிலி எங்க?" என்று கத்தினேன். வண்டி கிளம்புகிற நேரம், அவளால் இறங்கி வர முடியவில்லை. அங்கிருந்தே கத்தினாள்.

"செசிலி போயிட்டாக்கா! மஞ்சக்காமால! ஆறு மாசமாச்சு!"

பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டீ விற்கிறவர்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டார். உன் சாவை எனக்கு அப்படித்தான் சொன்னார்கள் செசிலி, ஏலம் கூறுகிற மாதிரி. ஆறு மாதம் நீ இல்லாத ரோட்டில் உன் வேனைத் தேடிக்கொண்டு நான் பஸ்ஸில் போயிருக்கிறேன். அன்று அலுவலகத்தில் ஒரே கடிதத்தை நான்கு தடவை தப்பாக அடித்தேன். எப்போதாவது இதைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய், எனக்கு அடித்தல் திருத்தல் பிடிக்காது என்று உனக்குத் தெரியும்.

பிறகு ஒவ்வொரு நாளும் லூர்தம்மா பெட்டியில் அமலியைத் தேடினேன். வண்டி வந்துவிட்டது, பெண் வரவில்லை. "அவுக அய்யா அனுப்பல. வீட்டுல மீனு ஆஞ்சு கழுவிக்கிட்டுக் கெடக்கு புள்ள" என்று லூர்தம்மா ஒரு நாள் இரைந்து சொன்னாள். அந்த ஒரு வரியோடு என்னால் வேலைக்குப் போக முடியவில்லை. படகு கடலுக்குப் போகாத நாளாகக் கேட்டுக்கொண்டு, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாம்பனில் இறங்கினேன். அந்த ஸ்டேஷனை இத்தனை வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அங்கே கால் வைத்தேன்.

உன் வீட்டுக்கு வழி கேட்டேன். வாசலில் சந்தியாகு வலையைப் பரப்பிப்போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். ஆனால் அவர் குறட்டை எப்படி இருக்கும், கோபம் வந்தால் எத்தனை நாள் பேச மாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அது தெரிந்தால் அந்த மனுஷன் கூசிப்போவார் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

"யாரைப் பாக்கணும்?" என்றார்.

"நான் நாகவள்ளி. செசிலிக்கு ரயில் பழக்கம்."

தைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "மீனை வித்தவுகளா?"

ஆமாம் என்றேன்.

"பாறைய நகரை வெலைக்கு..." என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு யாரையும் தேற்றத் தெரியாது, அது உன் வேலை.

உன் படத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அமலி கையில் மீன் அரிகிற கத்தியோடு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். மூக்கு உன்னுடையது. முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருந்தது. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். ரயில் வந்தால் அனுப்புவேன் என்றீர்களாமே, ரயில் வந்துவிட்டதே என்றேன்.

"வந்திருச்சு. அவ இல்லையே" என்றார் சந்தியாகு. "ஆத்தாகாரி கூட போவான்னுதான் நான் ஒத்துக்கிட்டது. லூர்தம்மா மத்தவுகள்ளாம் ராமநாதபுரம் போறதுக்குள்ள கூடைய, ஐஸைத்தான் பாப்பாக. இவளுக்குன்னு அந்த ரயில்ல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றேன்.

"நீங்க எதிர்த்தெசையில இல்ல வாரீக!"

நியாயமான கேள்வி. நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததில் இது மட்டும் விட்டுப்போயிருந்தது. ஆனால் உன்னோடு வாய் கொடுத்துப் பழகிய பழக்கம், எனக்குப் பதில் தன்னால் வந்தது.

"அதனாலதான் சொல்றேன். கூட உக்காந்து போறவ வேடிக்கை பாத்துக்கிட்டுப் போவா. எதிர்ல வாரவதான் மூஞ்சியப் பாப்பா. தினம் உச்சிப்புளியில நான் இவ மூஞ்சியப் பாப்பேன். ஒரு நாள் வாட்டமா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் என் வண்டி எங்க வருது? ஒங்க ஊருக்குத்தான வருது. இவ மூஞ்சி தெரியலைன்னா நேரே பாம்பன்ல எறங்கி ஒங்க வாசல்ல வந்து நிப்பேன். கூடப் போறவளால இது முடியுமா? அவ ராமநாதபுரம் போயில்ல திரும்பணும்."

அவர் கையோடு உள்ளே கொண்டுவந்திருந்த வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கிழிசலை விட்டுவிட்டு நல்ல இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவளும் இப்பிடித்தான், ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லுவா."

அப்புறம் தலையை நிமிர்த்தி, "சரி மதினி, அடுத்த சேர்க்கையில சேத்துரலாம்" என்றார்.

மதினி என்றார் செசிலி. பெண்டாட்டியின் அக்காளைக் கூப்பிடுகிற முறை. என்னை யாரும் கேட்காமலேயே உறவில் சேர்த்துக்கொண்டார். அமலி மட்டும் இன்னும் அசையாமல் நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்த வாசல் பெரியம்மா?"

"நடுப் பெட்டி, முன்வாசல்" என்றேன்.

சேர்க்கை முடிந்து, இன்றுதான் அவளுக்கு முதல் நாள்.

சத்திரக்குடியிலிருந்தே நான் உட்காரவில்லை. இந்தத் தடவை வாசலைச் சரியாகப் பார்த்து, பிளாட்பாரத்துப் பக்கம் நின்றேன். பெட்டியில் புதிதாக வருகிற சின்னப் பிள்ளைகள் "சீட் இருக்கு, உக்காருங்க ஆன்ட்டி" என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? உச்சிப்புளி வந்தது. உன் வண்டி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. நடுப் பெட்டி, முன்வாசல். பார்க்கிறேன். அமாவாசைக்குத் தீர்த்தமாடிவிட்டுத் திரும்புகிற கூட்டம், ஈரத்துணி மூட்டையோடு வாசலை அடைத்து நிற்கிறது. அமலி இல்லை.

மனசில் என்னென்னவோ ஓடியது. சந்தியாகு மனசு மாறிவிட்டாரா? பிள்ளைக்குக் காய்ச்சலா? அந்த உயரமான படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை, பிளாட்பாரத்தைக் குறுக்கே ஓடித் தாண்டிவிட்டேன். எதிர்வண்டிக் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாகிவிட்டது. அப்போதுதான் உன் கத்தல் காதில் விழுந்தது. அன்றைக்கு நழுவிப்போன வண்டியில் வாயைத் திறந்துகொண்டு நின்றாயே, அந்தக் கத்தல். காலை எடுத்துவிட்டேன். பிளாட்பாரத்து நடுவில் வந்து நின்று, வெட்கத்தை விட்டு, "அமலீ!" என்று கூவினேன்.

"பெரியம்மா!"

சத்தம் பின்னாலிருந்து வந்தது. திரும்பினால், என் வண்டியின் வாசற்படியருகே அவள் நிற்கிறாள். கூட்டத்தில் வாசலுக்கு வர முடியாமல் அடுத்த பெட்டி வழியாக இறங்கி என்னைத் தேடி வந்திருக்கிறாள். கை கம்பியில். கால் மட்டும் தரையில்.

"ஏறல பெரியம்மா!" என்று அங்கிருந்தே சொன்னாள். "எறங்கலாம், ஏறக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு."

நான் அவளிடம் போனேன், அவள் என்னிடம் வந்தாள். வெள்ளைச் சுடிதார், இஸ்திரி போட்டது, தலையில் பூ. கையைப் பிடித்துப் பார்த்தேன், செதில் இல்லை. என் தோள் உயரம் இருக்கிறாள். உன்னைவிட உயரமா குட்டையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசற்படியில் நிற்காத ஒரு மனுஷியாக உன்னை நான் பார்த்ததே இல்லையே. உன்னோடு ஒரு நாள்கூட நிற்கக் கொடுத்துவைக்காத தரையில் உன் மகளோடு நின்றுகொண்டிருந்தேன். அழுதேன். பச்சைக்கொடி தெரிந்ததும் அவள்தான் என்னை உலுக்கினாள்.

பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். இன்னும் சூடு இருந்தது.

"அய்யா வறுத்துக் குடுத்துவிட்டுச்சு. பாறையாம். நகரை இல்லைன்னு ஒங்ககிட்ட கட்டாயம் சொல்லச் சொல்லுச்சு."

அவள் ஓடிப்போய் அவள் வண்டியில் ஏறினாள். நான் என் வண்டியில் ஏறினேன். இரண்டும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. அவள் வாசலில் நின்று, கண் மறைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

அந்தப் பிளாட்பாரத்தை இனிமேல் நான் திட்ட மாட்டேன். அலுவலகத்தில் இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது, என் பழைய மிஷினை மூலையில் போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் அமலி படித்து முடிக்கிற வரைக்கும் எனக்குச் சர்வீஸ் இருக்கிறது. அதுவரைக்கும் உச்சிப்புளியில் தினமும் இறங்குவேன், அவள் வண்டியில் ஏற மாட்டேன். அவள் முகம் தெரியாத நாளில் பாம்பனில் இறங்கி உன் வாசலில் வந்து நிற்பேன். சிக்னல் விழுந்துவிட்டது என்று நீ இனிமேல் என்னை அவசரப்படுத்த முடியாது.

மீன் நன்றாக இருந்தது. உப்பு மட்டும் ஒரு கல் கூடுதல்.

இப்படிக்கு,
உன் நாகவள்ளி அக்கா,
அமலிக்குப் பெரியம்மா.